பிரஷர் மாத்திரை: இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடை முடிந்ததும் நாங்கள் நாலைந்து பேர் பெஞ்சில் உட்காருவோம். போன வாரம் புதிதாக வந்த ஒருவர், "சார், பிபி நார்மல் ஆயிடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றார் சந்தோஷமாக. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஊறுகாயைக் குறை, சிகரெட்டை விடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் நான் போகவில்லை.

நார்மல் ஆனதும் நிறுத்துவது

நார்மல் ஆனதே மாத்திரையால்தான். இதைப் புரிந்துகொள்ள நான் கொடுத்த விலை அதிகம்.

எனக்கு அம்லோடிபின் 5 எம்ஜி, தினம் ஒன்று. இரண்டு மாதத்தில் 128/80 வந்தது. குணமாகிவிட்டது என்று நானே முடிவு கட்டி நிறுத்தினேன். அடுத்த நாள் பார்த்தேன், பெரிதாக ஏறவில்லை. ஏமாந்தது அங்கேதான். அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகப் போகிற மருந்து. ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அப்புறம் நான் பிபி பார்க்கவே இல்லை. தலைவலி, தலைசுற்றல் எதுவும் கிடையாது. மிச்சமிருந்த அட்டை ஃபிரிட்ஜ் மேல் தூசி படிந்து கிடந்தது.

எட்டு மாதம் கழித்துக் கண்ணாடி பவர் பார்க்கப் போனேன். சொட்டு மருந்து விட்டு விளக்கடித்துப் பார்த்த டாக்டர், "உங்களுக்கு பிரஷர் இருக்கா?" என்றார். விழித்திரையில் சின்னச் சின்ன ரத்தக் கசிவு. அன்று பிபி 190/110. உடம்பைக் கீறாமல் ரத்தக்குழாயை நேரே பார்க்க முடிகிற இடம் கண். அதிக அழுத்தத்தில் நுண்ணிய குழாய்களின் சுவர் தடித்து, உள்ளே வழி குறுகிவிடும். கண்ணில் அப்படி என்றால் சிறுநீரகத்திலும் இருக்கலாம் என்று டெஸ்ட் எடுத்தார்கள். சிறுநீரில் புரதம் போனது. கண் கசிவு ஆறிவிட்டது. புரதம் இன்றும் போகிறது.

எடையும் உப்பும் குறைந்து சிலருக்கு அளவைக் குறைக்க முடியும்தான். அதை டாக்டர் படிப்படியாகச் செய்ய வேண்டும். மெட்டோபிரோலால், குளோனிடின் மாதிரி மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் ஆபத்து.

மாத்திரையால் கால் வீங்குகிறது என்று அதை விட்டுவிடுவது

டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரை இருக்கிறது.

முட்டி வலிக்குத் தானாக மாத்திரை வாங்குவது

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இரண்டுமே பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் படுத்தும். மெடிக்கலில் வலி மாத்திரை கேட்கும்போதே பிரஷர் இருப்பதையும் சொல்லுங்கள்.

சோடியம் குறைந்த உப்பு

அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்ட்டன் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, முக்கியமாகச் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால், ரத்தத்தில் பொட்டாசியம் கூடி இதயத் துடிப்பே தடுமாறலாம். கேட்காமல் வாங்காதீர்கள்.

மாடி ஏறின மூச்சோடு பிபி பார்ப்பது

ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். சட்டைத் துணியின் மீதே பிபி மெஷின் பட்டையைச் சுற்ற விடாதீர்கள்.

அட்டை தீர்ந்த பிறகு கடைக்குப் போவது

ஐந்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். காசுதான் கஷ்டம் என்றால் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். பெஞ்சு நண்பரிடம் இதையும் சொல்லித்தான் அனுப்பினேன்.