தொலைநோக்கி லென்சில் பனி படியாமலிருக்க

மண்டபம், தேவிபட்டினம் போன்ற கடலோர ஊர்களில் தொலைநோக்கி வழியாக வானைப் படமெடுக்கத் தொடங்குவோர், யோகாசனத்துக்கு விரிக்கும் நுரைப்பாயில் ஒரு துண்டை வெட்டி, முகப்பு லென்சைத் தாண்டி அதன் விட்டத்தில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீளம் நீண்டிருக்குமாறு குழாயைச் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். 80 மில்லிமீட்டர் லென்சுக்கு 12 முதல் 16 சென்டிமீட்டர் வரை போதும். திறந்த வானை நோக்கியிருக்கும் கண்ணாடி தன் வெப்பத்தை இழந்து சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதால்தான் கடற்காற்றின் ஈரம் அதன்மேல் துளியாகப் படிகிறது. இந்த உறை கண்ணாடிக்கு எதிரே திறந்திருக்கும் வானின் பரப்பைக் குறைத்து, அது குளிர்வதைத் தாமதப்படுத்துகிறது. படிந்துவிட்டால் துணியால் துடைக்கவே கூடாது. உப்புத் துகள் கண்ணாடியின் பூச்சைக் கீறிவிடும். பலத்த காற்று வீசும் இரவில் உறையே காற்றை வாங்கிப் படத்தை அசைத்துவிடும். குழாயின் அடியில் ஆடி அமைந்த நியூட்டன் வகைத் தொலைநோக்கிக்கு இது பெரும்பாலும் தேவையில்லை.