ஜாப் சென்டர்ல ஸ்கீம்னு சொன்னதும் தலையாட்டுறதுக்கு முன்னாடி

யூகேல யுனிவர்சல் கிரெடிட் (சுருக்கமா யூசி, அரசாங்கம் தர்ற உதவித்தொகை) வாங்கிட்டு வேலை தேடிட்டு இருக்குற நம்மாளுங்களுக்காக எழுதுறேன். ஜாப் சென்டர்ல நம்மள பாத்துக்குற ஆபீஸர், அதான் ஒர்க் கோச், ஸ்க்ரீன பாத்துகிட்டே "உங்களுக்கு ஏத்த ஸ்கீம் ஒண்ணு இருக்கு, பேர் போட்டுடவா"ன்னு கேப்பாங்க, நாமளும் பாதி புரிஞ்சும் புரியாமயும் எஸ் எஸ்னு தலைய ஆட்டிட்டு வெளிய பஸ் ஸ்டாப்புக்கு வந்தப்புறம் தான் என்னத்துக்கு ஒத்துகிட்டோம்னே யோசிப்போம். நான் ரெண்டு தடவ அப்படி ஆட்டிட்டு வந்தவன்.

அதனால முதல் கேள்வி இது தான்: இது வாலண்டரியா (நம்ம இஷ்டமா), மேண்டேட்டரியா (கட்டாயமா)? வாய்ல சொல்ற பதில் மட்டும் போதாது, ஜர்னல்ல, அதாவது யூசி ஆன்லைன் அக்கவுண்ட்ல மெசேஜ் போடுற இடத்துல, எழுதி போடுங்கன்னு கேளுங்க. அவங்க போடலன்னா வீட்டுக்கு வந்ததும் நீங்களே "இன்னைக்கு இந்த ஸ்கீம் பத்தி பேசினோம், இது வாலண்டரின்னு சொன்னீங்க, சரிதானா"ன்னு ஜர்னல்ல ஒரு மெசேஜ் தட்டி விடுங்க. இங்கிலீஷ் தடுமாறுதுன்னா இன்டர்ப்ரெட்டர் வேணும்னு கேக்கலாம், அதுக்கு நாம காசு குடுக்க வேண்டியதில்ல, கேக்க கூச்சப்படாதீங்க.

எதுக்கு இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா 2011ல ஒரு பட்டதாரிப் பொண்ணு மியூசியத்துல சம்பளமில்லாம வாலண்டியரா இருந்து அந்த துறைலயே வேலை தேடிட்டு இருந்தாங்க, அவங்கள கட்டாயம்னு சொல்லி ஒரு கடைல ஷெல்ஃப் அடுக்க அனுப்பிட்டாங்க, பாத்தா அந்த ஸ்கீம்ல சேர்றது கட்டாயமே இல்ல. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2013 அக்டோபர்ல தீர்ப்பு வந்துச்சு. இது ஃபோர்ஸ்டு லேபர், அதாவது கட்டாய உழைப்புன்னு கோர்ட் ஒத்துக்கல, ஆனா அந்த ரெகுலேஷன்ஸ் செல்லாது, ஆளுங்களுக்கு ஸ்கீம் பத்தி சரியான தகவலும் குடுக்கலன்னு சொல்லிடுச்சு. அரசாங்கத்தோட ஆளுங்களே தப்பா சொல்ல முடியும்ங்கறதுக்கு இத விட சாட்சி வேணுமா.

அந்த ஸ்கீம் தான் ஸ்வாப் (செக்டார் பேஸ்டு ஒர்க் அகாடமி ப்ரோக்ராம்), இன்னும் ஓடுது, இங்கிலாந்துலயும் ஸ்காட்லாந்துலயும். அதிகபட்சம் 6 வாரம். முதல்ல கொஞ்ச நாள் ட்ரெய்னிங், அப்புறம் ஒரு கம்பெனில ஒர்க் எக்ஸ்பீரியன்ஸ், கடைசில ஒரு இன்டர்வியூ. சம்பளம் கிடையாது, உங்க யூசி தான் ஓடிட்டு இருக்கும். பஸ் ரயில் செலவும் சைல்ட்கேர் செலவும் ஜாப் சென்டர் தரும், ஆனா முன்னாடியே பேசி வெச்சுக்கணும், டிக்கெட்டயும் ரசீதையும் தூக்கி போட்டுடாதீங்க.

இன்டர்வியூ கேரண்டின்னா வேலை கேரண்டின்னு நெனச்சுக்காதீங்க, நான் ஏமாந்தது அங்க தான். ஒரு வேர்ஹவுஸ் ஸ்வாப், ட்ரெய்னிங் உண்மையிலேயே நல்லா இருந்துச்சு, கடைசி நாள் இன்டர்வியூல தான் தெரிஞ்சுது இருக்குறதெல்லாம் நைட் ஷிஃப்ட், அதுவும் ஸீரோ அவர்ஸ் காண்ட்ராக்ட், இத்தன மணி நேரம் வேலை தருவோம்னு எந்த உறுதியும் இல்லாதது. வீட்ல சின்ன பிள்ளைய வெச்சுகிட்டு நான் எங்க நைட் போக. இதெல்லாம் சேர்றதுக்கு முன்னாடியே கேட்ருக்கணும்: எத்தன வேகன்சி இருக்கு, வாரத்துக்கு எத்தன மணி நேரம், எந்த ஷிஃப்ட், முடிச்சா கைல ஏதாவது சர்டிபிகேட் வருமா. செக்யூரிட்டின்னா எஸ்ஐஏ லைசென்ஸ், கட்டடவேலன்னா சிஎஸ்சிஎஸ் கார்டு, கேர் வேலன்னா டிபிஎஸ் செக் (குற்றப் பதிவு இருக்கான்னு பாக்குறது), இதுக்கான காச யார் கட்டுவாங்கன்னும் கேளுங்க. ஃப்ளெக்ஸிபிள் சப்போர்ட் ஃபண்டுன்னு ஒண்ணு இருக்கு, லைசென்ஸ், இன்டர்வியூக்கு போட துணி, ட்ராவல் மாதிரி விஷயத்துக்கு கோச் நெனச்சா அதுல இருந்து குடுக்கலாம். உரிமையா கிடைக்குற காசு இல்ல அது, கேட்டா தான் வரும், அவங்களா சொல்றது ரொம்ப கம்மி.

ரீஸ்டார்ட்னு இன்னொரு ஸ்கீம், அது வேற மாதிரி. 2021ல இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் ஆரம்பிச்சது, ரொம்ப நாளா வேலை இல்லாதவங்கள ஒரு ப்ரைவேட் ப்ரொவைடர் (ஜாப் சென்டருக்காக வேலை தேட உதவுற கம்பெனி) கிட்ட 12 மாசம் வரைக்கும் ஒப்படைச்சுடுவாங்க, இத வேணாம்னு தட்டிக் கழிக்குறது கஷ்டம். நீங்க வேலைல ஏறி ஒரு அளவுக்கு சம்பாதிச்சா ப்ரொவைடருக்கு தனியா காசு வரும், அதனால ஏதோ ஒரு வேலைல தள்ளி விட தான் பாப்பாங்க. அதையே நமக்கு சாதகமா மாத்திக்கலாம், "இந்த கோர்ஸ் முடிச்சா இந்த வேலைக்கு போவேன்"னு தெளிவா சொல்றவங்களுக்கு அவங்களும் கொஞ்சம் இறங்கி வருவாங்க.

அடுத்து சேங்ஷன். ஊர்ல லோன் சேங்ஷன் ஆச்சுன்னா ஸ்வீட் குடுப்போம், இங்க சேங்ஷன்னா காசு கட். மேண்டேட்டரின்னு எழுத்துல வந்தத காரணமில்லாம விட்டா சொன்னத செய்யுற வரைக்கும் கட், அதுக்கு மேல முதல் தடவ 7 நாள். கெடைச்ச வேலைய வேணாம்னு சொன்னா முதல் தடவையே 91 நாள் வரைக்கும் போகலாம். யூசியோட அடிப்படைத் தொகையான ஸ்டாண்டர்ட் அலவன்ஸ்ல தான் கை வைப்பாங்க, வாடகைக்கு வர்ற பங்குல இல்ல. உடம்பு சரியில்ல, பிள்ளைக்கு காய்ச்சல், ரயில் கேன்சல், எதுவா இருந்தாலும் அன்னைக்கே ஜர்னல்ல போட்டு ப்ரொவைடருக்கும் ஃபோன் பண்ணிடுங்க, மறுநாள் சொன்னா கதை சொல்ற மாதிரி தான் தெரியும். அப்படியும் கட் பண்ணிட்டா முடிவ திரும்ப பாருங்கன்னு மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன் கேளுங்க, அதுலயும் முடியாதுன்னு வந்தா ட்ரிப்யூனலுக்கு போகலாம், சிட்டிஸன்ஸ் அட்வைஸ்ல இலவசமா உதவுவாங்க.

தூரமும் ஒரு சண்டை. ஒரு வழிக்கு 90 நிமிஷம் வரைக்கும் போகலாம்னு எதிர்பாப்பாங்க, அதனால தூரமா இருக்குன்னு மொட்டையா சொன்னா எடுபடாது, மேப்ல ரூட் போட்டு ஸ்கூல் விடுற நேரத்தோட சேத்து ஜர்னல்ல காட்டுங்க. யூசில 3 மாசம் தாண்டிட்டா ஜாப்சென்டர் ட்ராவல் டிஸ்கவுண்ட் கார்டும் கேட்டு பாருங்க, சில ரயில் டிக்கெட் பாதி விலைக்கு கிடைக்கும். நான் 8 மாசம் முழு டிக்கெட் எடுத்துட்டு இருந்தேன், பக்கத்து சீட்ல உக்காந்திருந்த அக்கா தான் சொன்னாங்க.