ஒன்றியத்துக்கு ஒரு பிசியோ: மாதம் ஒருமுறை கூடிக் கற்பது எப்படி?

2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியபின், தமிழ்நாட்டில் இயன்முறை மருத்துவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி தருகிறார்கள். ஓர் ஒன்றியத்துக்குப் பெரும்பாலும் ஒருவர்தான். பெரிய மருத்துவமனை என்றால் பக்கத்தில் நிற்பவர் “ஏன் இப்படிப் பிடிக்கிறீங்க?” என்று கேட்டுவிடுவார். இங்கே கேட்க ஆளில்லை. தவறான பிடி வருடக்கணக்கில் கையிலேயே தங்கிவிடும். சிறு குழு அதற்காகத்தான்.

அக்கம்பக்கத்து ஒன்றியங்களிலிருந்து 6 முதல் 8 பேர் போதும். ஐந்துக்குக் கீழே போனால் இருவர் விடுப்பு எடுத்ததும் கூட்டம் கலைந்துவிடும். பத்தைத் தாண்டினால் ஒருவர் வகுப்பெடுப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாதத்தில் ஒரு நாள், 90 நிமிடம். எல்லோரும் ஏற்கெனவே ஓரிடத்துக்கு வரும் நாளோடு சேர்த்துவிட்டால் தனியாக அலைய வேண்டாம். நடத்துபவர் பாடம் சொல்லக் கூடாது. நேரம் பார்ப்பதும் கேள்வி கேட்பதும்தான் அவர் வேலை. பேச்சைப் பணியில் புதியவரிடமிருந்து தொடங்குங்கள். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் அதற்குமேல் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு நோயாளி, ஒரே ஒரு கேள்வி. விவரம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்: வயது, நோய் வந்து எத்தனை மாதம், அளவுகள், வீட்டின் அமைப்பு. பெயர், ஊர், முகம் தெரியும் படம் எதுவும் வேண்டாம். நன்றாகத் தேறியவரைக் கொண்டுவரும் ஆசை எல்லோருக்கும் உண்டு. தேறாமல் நிற்பவரைக் கொண்டுவந்தால்தான் பயன். விவரத்தைக் கேட்கும்போது, முதுகுவலியோடு சிறுநீர் அடைப்போ பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவதோ தெரிந்தால் கூட்டத்தை நிறுத்திவிட்டு அப்போதே மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி குறுகலாக இருக்க வேண்டும். “பக்கவாதத்துக்கு என்ன பயிற்சி?” என்று கேட்டால் பதில் ஊரெல்லாம் சுற்றும். “பக்கவாதம் வந்து 3 மாதம், தோள்வலி, கையைத் தூக்க வீட்டில் கட்டியுள்ள கப்பிக் கயிற்றைத் தொடரலாமா?” என்று கேளுங்கள். ஒருவர் முன்கூட்டியே இயன்முறை மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துள்ள பெட்ரோ (PEDro) இணையதளத்தில் தேடி ஒரே ஒரு ஆய்வைக் கொண்டுவரட்டும், தேடுவதற்குக் கட்டணமில்லை. அங்கே பத்துக்குத் தரும் மதிப்பெண் ஆய்வு எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்பதை மட்டுமே சொல்லும். சிகிச்சை பலித்ததா என்பது வேறு விஷயம். பலர் இந்த இடத்தில் குழம்புகிறார்கள்.

அடுத்த 25 நிமிடம் கைவேலை. இதை மட்டும் எந்த மாதமும் விடாதீர்கள். கப்பியால் தூக்கும்போது பலவீனமான பக்கத்துத் தோள்பட்டை எலும்பு கூடவே சுழல்வதில்லை, மேற்கை எலும்பும் வெளிப்பக்கம் திரும்புவதில்லை. இடையிலுள்ள திசு நசுங்கி வலி கூடுகிறது. ஒருவர் படுக்க, மற்றவர் ஒரு கையால் தோள்பட்டை எலும்பைத் தாங்கி, மேற்கையை வெளிப்பக்கம் திருப்பி, பிறகு உயர்த்திக் காட்டட்டும். படுத்திருப்பவர் எங்கே இழுக்கிறது என்று சொல்வார். அந்தப் பாடம் எந்தப் படத்திலும் கிடைக்காது.

இன்னொரு மாதம் அளவெடுப்புக்கு. ஒரே முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதை எல்லோரும் கோனியோமீட்டரால் (மூட்டின் கோணத்தை அளக்கும் கருவி) அளந்து, காட்டாமல் எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். 10 பாகை வித்தியாசம் வந்தால், நோயாளி “முன்னேறிய” 10 பாகையை எப்படி நம்புவது? 30 விநாடியில் எத்தனை முறை உட்கார்ந்து எழ முடிகிறது என்று எண்ணும் சோதனையும் அப்படித்தான். நாற்காலி உயரம் சுமார் 43 செ.மீ., சுவரோடு ஒட்டி இருக்க வேண்டும், கைகள் மார்பின் குறுக்கே. வீட்டில் கட்டில்தான் இருந்தால் அதன் உயரத்தை டேப்பால் அளந்து குறியுங்கள்; அடுத்த முறையும் அதே கட்டில்தான்.

கலையும் முன் ஒவ்வொருவரும் ஒரு மாற்றத்தைச் சீட்டில் எழுதட்டும்: “3 வீடுகளில் கப்பியை நிறுத்துவேன், வலியை 0 முதல் 10 வரை குறிப்பேன்.” அடுத்த கூட்டத்தின் முதல் 10 நிமிடம் அந்தச் சீட்டுகளுக்கு. செய்யாதவரைக் கடிந்துகொள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள். “கப்பியைக் கழற்ற வீட்டார் விடவில்லை” என்று சொன்னால், அந்த மாதத்தின் கேள்வி கிடைத்துவிட்டது.