பழைய அமெரிக்க விவசாயக் குடும்பத்த உயில், பத்திரம் வச்சு தேடுறது எப்படி? லிங்கன் குடும்பத்த வச்சு சொல்றேன்

1790லேந்து 1840 வரைக்கும் அமெரிக்க சென்சஸ்ல குடும்பத் தலைவர் பேரு மட்டும்தான் இருக்கும், மத்தவங்க எல்லாம் வெறும் எண்ணிக்கை. அதனால 1700கள்ல வாழ்ந்த ஒரு விவசாயியோட பொண்டாட்டி பிள்ளைங்க யாருன்னு தெரியணும்னா உயில், நிலப் பத்திரம், வரி லிஸ்ட், கோர்ட் ரெக்கார்டுன்னு எறங்கித்தான் ஆகணும். பேர புடிச்சுக்கிட்டு போறத விட நிலத்த புடிச்சுக்கிட்டு போங்க, இதுதான் நான் அடிச்சு சொல்றது. ஆபிரகாம் லிங்கன் குடும்பத்தையே பாருங்க, நிலம் தேடித்தேடி நகந்துட்டே இருந்தவங்க.

மொதல்ல அந்த கவுண்டி (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) எந்த வருஷம் உருவாச்சுன்னு பாக்கணும். லிங்கனோட கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா மொர்டிகாய் லிங்கன், 1736ல பென்சில்வேனியால செத்தாரு, அவர் வீடு இன்னிக்கு பெர்க்ஸ் கவுண்டில இருக்கு, ஆனா பெர்க்ஸ் உருவானதே 1752லதான், அப்போ அந்த ஊரு பிலடெல்பியா கவுண்டி, அதனால உயிலும் பிலடெல்பியா பதிவுலதான். இது தெரியாம பெர்க்ஸ்ல தேடுனா உயிலே எழுதலன்னு முடிவு பண்ணிடுவோம்.

அந்த உயில்ல தேதி 1735/6 பிப்ரவரின்னு இருக்கும். 1752 வரைக்கும் அங்க சட்டப்படி புதுவருஷம் மார்ச் 25லதான் தொடங்கும், அதான் பழைய கணக்குல 1735, இப்போ கணக்குல 1736ன்னு ரெண்டு வருஷம் போடுறது, நீங்களும் அப்படியே எழுதி வச்சுக்குங்க. மூத்த சம்சாரத்து பையன் ஜானுக்கு நியூஜெர்சில இருந்த நிலம், பென்சில்வேனியா நிலம் ரெண்டாந்தாரத்து பசங்களுக்கு, இன்னொரு பையன் பொறந்தா அவனுக்கும் பங்குன்னு எழுதிருக்காரு. அப்போ பொண்டாட்டி மாசமா இருந்திருக்காங்கன்னு அதுலயே தெரிஞ்சுடுது, எந்த பிறப்பு ரெக்கார்டும் வேணாம்.

உயில்ல ஒரு பிள்ளை பேரு இல்லன்னா அப்படி ஒரு பிள்ளையே இல்லன்னு உடனே முடிவு பண்ணிடாதீங்க, முன்னாடியே நிலம் குடுத்து முடிச்சிருப்பாங்க, பத்திரத்துல போய் பாருங்க. பத்திரத்த வரி வரியா படிக்கணும்ங்க, எல்லை சொல்ற எடத்துல பக்கத்து நிலக்காரங்க பேரு வரும், சாட்சிக் கையெழுத்துல மச்சான் மாமனார்லாம் இருப்பாங்க, புருஷன் நிலத்த விக்கும்போது பொண்டாட்டி தன்னோட பங்க விட்டுக்குடுத்ததா எழுதிருந்தா அவங்க பேரு கிடைச்சிடும், பல பொண்ணுங்க பேரு அந்த ஒரு எடத்துலதான் இருக்கும்.

மொர்டிகாயோட பையன் அந்த ஜான்தான் அப்புறம் வர்ஜீனியால லின்வில் ஓடைப் பக்கம் போய் குடியேறினவர். அவர் பையன் கேப்டன் ஆபிரகாம், அதாவது ஜனாதிபதியோட தாத்தா, கென்டக்கி போயி 1786ல கொல்லப்பட்டாரு. கென்டக்கி அப்போ வர்ஜீனியாவோட பகுதி, உயில் இல்லன்னா நிலம் பூரா மூத்த பையனுக்குன்னு சட்டம், அத மாத்தி 1785லயே சட்டம் போட்டுட்டாங்க ஆனா 1787 ஜனவரிலேந்துதான் அமல். அதனால நிலம் எல்லாமே கேப்டனோட மூத்த பையன் மொர்டிகாய்க்கு (மேல சொன்ன மொர்டிகாய் இல்ல, இவர் வேற) போச்சு, ஜனாதிபதியோட அப்பா தாமஸ் கடைசிப் பையன், நிலம் ஒண்ணும் கிடைக்கல. தாமஸ் பேர்ல அப்பா நிலம் இல்லையேன்னு இவர் வேற குடும்பமோன்னு நெனச்சா போச்சு. அந்தந்த வருஷத்து வாரிசு சட்டத்த பக்கத்துல வச்சுக்கிட்டு படிங்க. ஸ்பெல்லிங்கும் அப்படித்தான், கென்டக்கி நிலப் பதிவுல இந்த ஆபிரகாமே லிங்க்ஹார்ன்னு இருக்காரு.

தாமஸ், நான்சி ஹாங்ஸ் கல்யாணம் 1806ல. கல்யாணமே ஆகலன்னு கூட வதந்தி கிளம்புச்சு, கடைசில ரெக்கார்டு கென்டக்கில வாஷிங்டன் கவுண்டி கோர்ட்ல இருந்துச்சு, லிங்கன் செத்து வருஷக்கணக்கா ஆனப்புறம்தான் வெளிய வந்துச்சு. ஒரு கவுண்டில இல்லன்னா பக்கத்து கவுண்டியும் பாக்கணும்.

தேடுறதுக்கு ஃபேமிலிசர்ச்ங்கற வெப்சைட் போதும், ஃப்ரீ. அதுல ஃபுல் டெக்ஸ்ட் சர்ச்னு ஒண்ணு இருக்கு, கையெழுத்து ரெக்கார்டையே படிச்சு தேடும், சாட்சி பேரு கூட வரும். கோர்ட் எரிஞ்சு போன கவுண்டியா இருந்தா வரி லிஸ்ட் பாருங்க, வர்ஜீனியால 1782லேந்து மாநில அளவுலயும் இருக்கு.

இன்னொண்ணு, வர்ஜீனியா கென்டக்கில செத்தவரோட சொத்துக் கணக்குல மாடு, கலப்பையோட அடிமைகளா இருந்தவங்க பேரும் விலையும் எழுதிருப்பாங்க. 1850, 1860 அடிமை சென்சஸ்ல பெரும்பாலும் வயசும் பாலினமும்தான், பேரு கிடையாது. அவங்க எல்லார் பேரும் சென்சஸ்ல வந்ததே 1870லதான், அதனால அவங்க வாரிசுங்க தேடும்போது அதுக்கு முன்னாடி கைல கிடைக்கிறது பெரும்பாலும் இந்த மாதிரி பக்கம்தான். அதனால உங்க குடும்பத்துக்கு சம்பந்தமில்லன்னு தாண்டிப் போகாம, எல்லா பேரையும் புக் நம்பர் பக்க நம்பரோட முழுசா எழுதி, அந்த கவுண்டிய தேடுறவங்க பாக்குற மாதிரி ஆன்லைன்ல ஏத்தி வைங்க.