கம்பெனி கொடுத்த ஹப்போடு உங்கள் சொந்த ரவுட்டரை இணைப்பது எப்படி?

இன்டர்நெட் இணைப்பு கொடுக்க வருபவர்கள் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார்கள். அதை ஹப் என்பவர்களும் உண்டு, மோடம், ரவுட்டர் என்பவர்களும் உண்டு. எல்லாமே சரிதான். வெளி லைனில் வரும் சிக்னலை வாங்குவது மோடம் வேலை. வீட்டிலுள்ள போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் ஐபி முகவரி கொடுத்து, ஒரே வெளி முகவரி வழியாக அனுப்பி வாங்குவது ரவுட்டர் வேலை. வைஃபை பரப்புவது மூன்றாவது வேலை. மூன்றையும் அந்தப் பெட்டியே செய்கிறது.

கடையில் வாங்கும் ரவுட்டர் பெரும்பாலும் பின்னிரண்டு வேலைகளை மட்டுமே செய்யும். அதனால் ஹப்பைக் கழற்றிவிட முடியாது. அதை மோடமாக மட்டும் இருக்கச் சொல்ல வேண்டும். சில ஃபைபர் இணைப்புகளில் ஓஎன்டி என்ற சின்னப் பெட்டி தனியாகச் சுவரில் இருக்கும். ஃபைபரில் வரும் சிக்னலை வாங்கும் மோடம் வேலையை அதுவே செய்யும். அங்கே ஹப்பே தேவைப்படாமல் போகலாம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: முகவரி கொடுக்கும் பெட்டி வீட்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும். ஹப்பும் ரவுட்டரும் இரண்டுமே அந்த வேலையைச் செய்தால் அதற்கு டபுள் நாட் என்று பெயர். வீடியோ ஓடும், வெப்சைட் திறக்கும், அதனால் முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒருநாள் போனிலிருந்து பிரின்ட் கொடுப்பீர்கள். பிரின்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், போனோ பிரின்டரே இல்லை என்று சொல்லும். பிரின்டர் ஹப்பின் வைஃபையிலும், போன் ரவுட்டரின் வைஃபையிலும் இருப்பதுதான் காரணம். ஆன்லைன் கேமில் நண்பர்களோடு சேர முடியாமல் போவதும் பல நேரம் இதனால்தான்.

தொடங்கும் முன்

ஹப்பின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகப் பக்கத்தின் (பிரவுசரில் திறந்து பெட்டியின் செட்டிங்கை மாற்றும் பக்கம்) முகவரி, பாஸ்வேர்டு எல்லாம் அதில்தான் இருக்கும். பிறகு கம்பெனிக்குப் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஹப்பில் பிரிட்ஜ் மோட், அதாவது மோடமாக மட்டும் இருக்கும் வசதி, உண்டா? இணைப்புக்கு யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண் (ஒரே லைனில் வரும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் எண்) தேவையா? பிரிட்ஜ் மோடில் போட்டால் ஹப்பில் சொருகிய டெலிபோனும் டிவி பெட்டியும் வேலை செய்யுமா? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் லேண்ட்லைனை நம்பியிருந்தால் அதுதான் முக்கியமான கேள்வி.

ரவுட்டரைத் தயார் செய்யுங்கள்

ஹப்பை இப்போது தொட வேண்டாம். ரவுட்டருக்குக் கரண்ட் கொடுத்து, அதன் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளைச் சொருகும் துளை) லேப்டாப்பைக் கேபிளால் இணைத்து, நிர்வாகப் பக்கத்தைத் திறங்கள். நிர்வாக பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். அடுத்து அதன் லேன் முகவரியைப் பாருங்கள். ஹப்புக்கும் ரவுட்டருக்கும் 192.168.1.1 என்று ஒரே முகவரி இருப்பது சகஜம். அப்படி இருந்தால், இரண்டையும் இணைத்த பிறகு எந்தப் பெட்டியின் பக்கம் திறக்கிறது என்றே புரியாமல் குழம்புவோம். ரவுட்டரை 192.168.50.1 என்று மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

வைஃபைக்குப் பழைய பெயரையும் பாஸ்வேர்டையுமே வைத்தால் எந்தக் கருவியிலும் மறுபடி டைப் செய்ய வேண்டாம். ஆனால் நான் புதுப் பெயர்தான் வைப்பேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஹப்பை மாற்றுங்கள்

லேப்டாப்பைக் கேபிளால் ஹப்பில் இணையுங்கள். வைஃபையில் இருந்தபடி செய்தால் பாதியில் துண்டிக்கும். ஹப்பின் பக்கத்தில் 'பிரிட்ஜ் மோட்' அல்லது 'மோடம் மோட்' என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். ஹப் ஒருமுறை அணைந்து எழும், அதன் வைஃபை மறைந்துவிடும். கவலை வேண்டாம், அப்படித்தான் ஆக வேண்டும்.

இப்போது ஹப்பின் முதல் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேபிளை ரவுட்டரின் 'வான்' அல்லது 'இன்டர்நெட்' என்று எழுதிய போர்ட்டில் சொருகுங்கள். பெரும்பாலும் அது மட்டும் வேறு நிறத்தில், கொஞ்சம் தள்ளி இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

அப்புறம் இரண்டையும் அணைத்து, ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். சில மோடங்கள் முதலில் பேசிய கருவியின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) நினைவில் வைத்துக்கொண்டு, புதிதாக வந்ததை ஏற்காது. முதலில் ஹப்பைப் போட்டு, விளக்குகள் நிலையானதும் ரவுட்டரைப் போடுங்கள்.

ரவுட்டரில் இணைப்பு வகையைக் கேட்கும். யூசர்நேம் கொடுத்திருந்தால் பிபிபிஓஇ, அதாவது யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்து இணையும் முறை. இல்லையென்றால் தானியங்கி, அதாவது டிஎச்சிபி. விலேன் எண் சொல்லியிருந்தால் அதையும் இங்கேயே கொடுங்கள். பிபிபிஓஇ என்றால் எம்டியூ, அதாவது ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு, பொதுவாக 1492.

சரியாக அமைந்ததா?

இன்டர்நெட் வந்துவிட்டது என்பது மட்டும் போதாது. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 192.168 என்று தொடங்கினால் ஹப் இன்னும் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறது, பிரிட்ஜ் மோட் விழவில்லை. 100.64 முதல் 100.127 வரை ஏதாவது என்றால் உங்கள் வேலையில் குறை இல்லை. கம்பெனியே பல வீடுகளுக்கு ஒரு வெளி முகவரியைப் பகிர்ந்து கொடுக்கிறது. வெளியிலிருந்து வீட்டுக் கேமராவுக்கு நேரடியாக வர வேண்டும் என்றால் தனி முகவரி கேட்க வேண்டியிருக்கும்.

பிரிட்ஜ் மோட் இல்லையென்றால்

வைஃபை நன்றாக எட்டினால் போதும் என்பவர்கள் ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' மோடில் போடுங்கள். ஹப் முகவரி கொடுக்கும், ரவுட்டர் வைஃபை மட்டும் பரப்பும். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே தாராளம். ரவுட்டரின் மற்ற வசதிகளும் வேண்டும் என்றால், ஹப்பில் டிஎம்இசட் (வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கருவிக்கு அனுப்பும் வசதி) என்ற இடத்தில் ரவுட்டரின் வான் முகவரியைக் கொடுத்து, ஹப்பின் வைஃபையை அணையுங்கள். டபுள் நாட் போகாது, தொல்லை குறையும்.

எதுவும் சரிவரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். ஹப்பின் ரீசெட் துளையில் ஊசியை அழுத்திப் பிடித்தால் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

புதுப் பெயர் வைப்பதற்கான காரணமும் இதுதான். கம்பெனி ஹப்பின் மென்பொருளைப் புதுப்பிக்கும்போதோ, யாராவது ரீசெட் செய்தாலோ பிரிட்ஜ் மோட் போய்விடலாம். அப்போது ஸ்டிக்கரில் உள்ள பழைய பெயர் வைஃபை பட்டியலில் மறுபடி தெரியும். உங்கள் ரவுட்டருக்கும் அதே பெயர் இருந்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, கருவிகளும் இரண்டு பக்கமும் பிரிந்து போய்ச் சேரும். பழைய பெயரைப் பார்த்தீர்களா, நேராக ஹப்பின் பக்கத்துக்குப் போய் பிரிட்ஜ் மோடைத் திரும்ப ஆன் செய்யுங்கள்.