ஈராயிரம் ஆண்டு எழுத்தை ஒரே மாலையில் ஊருக்குக் காட்டுவது எப்படி?

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ பழங்காலத்தைப் பற்றி ஒரு கூட்டம் வைத்தால் என்ன நடக்கும் என்று தெரியும்தானே. ஒருவர் நீட்டி முழக்குவார். பின்வரிசை மெல்ல எழும்பிப் போகும். மிச்சமிருப்பவர்கள் "அந்த இடம் யாருடையது" என்று மல்லுக்கட்டுவார்கள். அதனால் பேச்சைக் குறைத்து, வந்தவர்களின் கையில் எழுத்தைக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிராமி என்ற பழைய எழுத்து நல்ல தோது. தமிழ் எழுத்தும் சிங்கள எழுத்தும் அதன் வழி வந்தவைதான். அம்பாறை மாவட்டத்து இராஜகல மலையிலேயே அந்தக் கல்வெட்டுகள் ஏராளம்.

படி 1: சாமான்

சுளகு, சலித்த கடல் மணல், ஈர்க்கு. நாலு பேருக்கு ஒரு சுளகு போதும். மணலைக் கொஞ்சம் ஈரமாக்கிப் பரப்புங்கள். இடம் வாசிகசாலையோ அறநெறிப் பாடசாலையோ, எதுவானாலும் சரி. புரொஜெக்டர் வேண்டாம், கரண்ட் போனால் நிகழ்ச்சியும் போய்விடும்.

படி 2: சொந்தப் பெயர்

வரலாற்றுக்கு முன்னால் பெயர். ஏடு தொடக்கும்போது அரிசியில் விரல் பிடித்து எழுதியதைப் போலத்தான் இதுவும். கோடாக வரும் எழுத்துகளை முதலில் எடுங்கள்.

'க' வெறும் கூட்டல் குறி. ("இது என்ன மனே, சிலுவையா?" என்று ஒரு பெரியம்மா கட்டாயம் கேட்பார்.) 'ர' ஒரு நெட்டைக் கோடு. 'ண' என்றால் அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு படுக்கைக் கோடு. 'த' மேலிருந்து இறங்கி, கீழே இரண்டு காலாகப் பிரியும். ஆகார ஒலிக்கு எழுத்தின் தலையில் வலப்பக்கம் ஒரு சிறு கோடு. இகரத்துக்கு அதே கோடு மேல்நோக்கி மடங்கும். இவ்வளவு தெரிந்தால் 'தாரணி' என்று எழுதிவிடலாம். மற்ற எழுத்துகளுக்கு ஓர் அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பிள்ளைகள் எழுதி அழித்து, அடுத்த சுளகில் உள்ளதை வாசித்துச் சிரிக்கும் வரை விடுங்கள். அவசரப்படுத்த வேண்டாம்.

படி 3: உண்மைக் கல்வெட்டு

இனித்தான் விஷயமே. இலங்கையின் பழைய குகைக் கல்வெட்டுகள் அநேகமாக '(பௌத்த பிக்குகளின்) சங்கத்துக்கு' என்ற பொருளில் 'ஸகஸ' என்று முடியும். நடுவில் கூரை மாதிரி ஒரு 'க' (இது வேறு, 'சங்கம்' என்பதில் ஒலிக்கும் மெல்லொலிக் 'க'), இருபக்கமும் பெரும்பாலும் ஒரே எழுத்து. கல்வெட்டுப் படம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து, "அந்தக் கூரையைக் கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். 1970இல் தொல்லியலாளர் பரணவிதான வெளியிட்ட இலங்கைக் கல்வெட்டுத் தொகுதியில் படங்கள் கிடைக்கும்.

1837இல் ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் பிராமியின் புதிரை அவிழ்த்ததும் இதே வழியில்தான். இந்தியாவின் சாஞ்சித் தூபியில் இருந்த குட்டிக் குட்டிக் கல்வெட்டுகள் ஒரே சொல்லில் முடிவதைக் கவனித்தார். அது 'தானம்' என்று இருக்க வேண்டும் என ஊகித்தார். மற்ற எழுத்துகள் அதிலிருந்து திறந்தன. இந்தக் கதையைப் பிள்ளைகள் கூரையைக் கண்டுபிடித்த பிறகு சொல்லுங்கள். முதலில் சொன்னால் சுவை போய்விடும்.

படி 4: "இது யாருடையது?"

வரும். கட்டாயம் வரும். மழுப்பாதீர்கள், தீர்ப்பும் சொல்லாதீர்கள். "கல்லில் என்ன இருக்கிறது, வாசிப்போம்" என்று படத்தின் பக்கம் திருப்புங்கள். அம்பாறையின் குடுவில் கல்வெட்டு இதற்குக் கைகொடுக்கும். தீகவாபி என்ற பழைய ஊரின் வணிகர்களும், தமிழரைக் குறிக்கும் 'தமேட' என்ற சொல்லும் ஒரே கல்லில் வருகின்றன. இராஜகலவில், இலங்கைக்குப் பௌத்தம் கொண்டுவந்த மகிந்த தேரருக்கும் இத்திய தேரருக்கும் எழுப்பிய தூபியைச் சொல்லும் கல்வெட்டு உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். என் அனுபவத்தில், எழுத்துக் கூட்டி வாசித்தவர் சண்டைக்கு முன்னால் ஒரு கேள்வியாவது கேட்பார்.

படி 5: மலைக்குப் போவதானால்

எழுத்தின் மேல் சோக்கட்டி தேய்க்கக் கூடாது, தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, ஓட்டுத் துண்டைக் கூடப் பையில் போடக் கூடாது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மை ஒற்றிப் படியெடுப்பது தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியோடு செய்யும் வேலை. எழுத்து மங்கலாகத் தெரிந்தால் டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், வெட்டின பள்ளத்தில் நிழல் விழும். குகை நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாமல் வெட்டிய விளிம்பு ஒன்று இருக்கும், முதலில் அதன் ஓரத்தைத் தேடுங்கள். சுற்றிலும் காடு, யானை நடமாட்டமும் உண்டு. வெள்ளன ஏறி, வெயிலுக்கு முன் இறங்குங்கள்.