டாட் எம்எக்ஸில் ஸ்பானிஷ் டொமைன் வாங்கி விற்பது எப்படி?

டொமைன் பெயர், அதாவது இணையதள முகவரி, வாங்கி விற்கும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் டாட் காமில் தேடிப் பார்த்துவிட்டு, நல்ல பெயரெல்லாம் போய்விட்டது என்று சோர்ந்து போகிறார்கள். மெக்சிகோ நாட்டு முகவரிகளின் முடிவான டாட் எம்எக்ஸைப் பாருங்கள் என்பேன் நான். உலகிலேயே ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் அதிகம் வாழும் நாடு அது. 2020 கணக்கெடுப்பின்படி அதன் மொத்த மக்கள்தொகை 12 கோடியே 60 லட்சம்.

படி 1: விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

டாட் எம்எக்ஸை நிர்வகிப்பது மொன்தெர்ரேய் நகரில் உள்ள நிக் மெக்சிகோ. வெகுகாலம் அங்கே டாட் காம் டாட் எம்எக்ஸ்தான் வழக்கம். 2009இல்தான் நேரடி டாட் எம்எக்ஸைப் பொதுவாகத் திறந்துவிட்டார்கள். எந்த நாட்டவரும் வாங்கலாம், அங்கே முகவரி வேண்டியதில்லை. எல்லா நாட்டிலும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்ஜென்டினாவின் டாட் ஏஆர் வாங்க அந்த நாட்டு வரி எண் கேட்பார்கள்.

படி 2: அந்த நாட்டுச் சொல்லைப் பிடியுங்கள்

லாபமோ நஷ்டமோ, பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடும். ஸ்பானிஷ் ஒரே மொழிதான், ஆனால் கடைத்தெருச் சொல் நாட்டுக்கு நாடு மாறும்.

வாடகை வீட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்பெயினில் அடுக்ககத்தில் இருக்கும் வீடு 'பிசோ', வாடகை 'அல்கிலேர்'. கொலம்பியாவில் அதே வீடு 'அபார்தமெந்தோ', வாடகை 'அர்ரியெந்தோ'. மெக்சிகோக்காரர் தேடும்போது 'தெபார்தமெந்தோஸ் என் ரெந்தா' என்றுதான் தட்டுவார். 'பிசோ' என்றால் அவருக்குத் தரை. பிசோ, அல்கிலேர் இரண்டையும் சேர்த்து ஒரு டாட் எம்எக்ஸ் பெயர் வாங்கினால் அங்கே யாருக்கும் அது தேவைப்படாது.

நான் முதலில் வாங்கியது 'குழாய் பழுது பார்ப்பவர்' என்ற பொருள் தரும் பெயர். அகராதி 'ஃபொந்தனேரோ' என்றது, வாங்கிவிட்டேன். மூன்று வருடம் புதுப்பித்தும் ஒருவர்கூட விசாரிக்கவில்லை. அது ஸ்பெயின் சொல். மெக்சிகோவில் அவர் 'ப்ளோமேரோ'. அன்றிலிருந்து எந்தச் சொல்லையும் மூன்று இடத்தில் சரிபார்க்காமல் நான் பணம் கட்டுவதில்லை.

அந்த மூன்று இடங்கள்: கூகுளில் நாட்டை மெக்சிகோ என்று மாற்றி வரும் முடிவுகள், மெர்காதோ லிப்ரே என்ற இணைய விற்பனைத் தளத்தின் மெக்சிகோ பகுதி, செக்சியோன் அமரில்யா என்ற அந்த நாட்டு மஞ்சள் பக்கம். கூகுள் முடிவுகளின் மேலே கட்டண விளம்பரங்கள் வரிசையாக நின்றால் நல்ல அறிகுறி. அந்தச் சொல்லுக்குக் காசு செலவழிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சொல் வரிசையும் முக்கியம். கார் காப்பீடு ஸ்பானிஷில் 'செகூரோ தெ ஆவ்தோ', காப்பீடுதான் முன்னால் வரும். ஆங்கில வரிசையில் ஒட்டவைத்த பெயரை ஸ்பானிஷ்காரர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்.

படி 3: எழுத்தைக் கவனியுங்கள்

டொமைனில் உச்சரிப்புக் குறிகளை விட்டுவிட்டு எழுதுவது சகஜம். 'என்யே' என்ற எழுத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். ஆங்கில 'என்' (n) எழுத்தின் தலையில் நெளிகோடு போட்டால் என்யே. அந்தக் கோட்டோடு எழுதினால் 'அன்யோ', ஆண்டு என்று பொருள். கோட்டை எடுத்துவிட்டால் 'அனோ', ஆசனவாய்! புத்தாண்டை நினைத்து வாங்கிய பெயர் இப்படி ஆகிவிடக் கூடாது. எல்லா என்யேவும் இப்படிக் கெடுவதில்லை. வடிவமைப்பைக் குறிக்கும் 'திசென்யோ' கோடில்லாமலும் புரியும். ஆகவே கோடில்லாத வடிவத்தையும் தனியாக ஒருமுறை தேடிப் பாருங்கள்.

படி 4: அடுத்தவர் உரிமையில் கை வைக்காதீர்கள்

மெக்சிகோவின் தொழிற்சொத்துரிமை நிறுவனமான இம்பியின் தளத்தில் வணிகக் குறிகளை இலவசமாகத் தேடலாம். நிறுவனப் பெயரோ அதைப் போன்றதோ என்றால் விட்டுவிடுங்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சரி. டாட் காம் விதிப்படி, பெயரைக் கேட்டுப் புகார் கொடுக்கும் குறியின் உரிமையாளர், நீங்கள் கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்ததையும் பயன்படுத்தியதையும் சேர்த்தே நிரூபிக்க வேண்டும். டாட் எம்எக்ஸில் இரண்டில் ஒன்று போதும், பெயர் கையை விட்டுப் போகும்.

இன்னொன்றும் உண்டு. டாட் எம்எக்ஸ் தகராறு விதி வணிகக் குறியை மட்டுமல்ல, நம் ஊர்ப் புவிசார் குறியீடு போன்ற பிறப்பிடப் பெயர்களையும் காக்கிறது. டெக்கீலா என்ற மதுவின் பெயர் 1974 முதல் அப்படிப்பட்டது. மெஸ்கால் என்ற மதுவும் அதே வகை. பொதுச் சொல்தானே என்று இவற்றைத் தொடாதீர்கள்.

படி 5: வாங்குங்கள்

பதிவுக்கு முன், தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பெயரின் பழைய வரலாற்றைப் பாருங்கள். மோசடித் தளம் நடந்த பெயர் என்றால் வேண்டாம். டாட் எம்எக்ஸுக்கு டாட் காமைவிட வருடக் கட்டணம் கூடுதல். அதனால் தொடக்கத்தில் ஐந்து பெயர் போதும். முதல் வருட விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள்.

படி 6: விற்பனைக்கு வையுங்கள்

'செ வெந்தே', அதாவது விற்பனைக்கு, என்று ஸ்பானிஷிலேயே ஒரு பக்கம் போட்டு, தொடர்புப் படிவம் வையுங்கள். செடோ போன்ற சந்தைகளிலும் பட்டியலிடுங்கள். வாங்க ஆள் வந்தால் பேரத்தையும் ஸ்பானிஷில் எழுதுங்கள், மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். பணத்தை எஸ்க்ரோ, அதாவது இரு தரப்புக்கும் நடுவில் பணத்தை வைத்திருக்கும் சேவை, வழியாகத்தான் வாங்க வேண்டும். பணம் வந்து சேர்ந்துவிட்டது என்று எஸ்க்ரோவிலிருந்து உறுதி வரும்வரை பெயரை மாற்றிக்கொடுக்காதீர்கள்.